துறைமுகத்துப் பிடிமண்

டிரம்கள் வந்து இறங்கிய அன்று காலையிலிருந்தே தூறல். லட்சுமிபுரத்தில் எங்கள் ஆய்வகம் இருக்கும் வீடு மிகவும் பழையது. ஓட்டுக் கூரை, சிவப்புக் காவித் தரை, தொட்டாலே முனகுகிற கதவுகள். யாரோ ஒரு வக்கீல் ஆண்டு அனுபவித்த வீடாம். இப்போது கூடத்தில் நுண்ணோக்கிகள் இருக்கின்றன, பூஜை அறையில் ரசாயனப் புட்டிகள் இருக்கின்றன, பின்கட்டில் சேறு அலசுகிற சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. கடலே இல்லாத மைசூரில் உட்கார்ந்துகொண்டு கடல் சேற்றை அலசுவதுதான் எங்கள் பிழைப்பு. கேட்பவர்கள் சிரிப்பார்கள். வாடகை குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்கும் தெரியாது.

லாரிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டே இறக்கினார். "ஹெண நாத்த மேடம் இது" என்றார். பிண நாற்றமாம். துறைமுகச் சேறு என்றால் அப்படித்தான் நாறும் என்று சொல்லி அனுப்பினேன். டீசலும் அழுகிய மீனும் உப்பும் கலந்த அந்த வாடை அன்றைக்கே திரைச்சீலைகளில் ஏறிவிட்டது.

நான் தாரணி. கொள்ளேகால்காரி. புழு எண்ணுவது என் உத்தியோகம். மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்தைப் பெரிய கப்பல்கள் வரும்படி ஆழப்படுத்தப் போகிறார்கள். தோண்டுகிற சேற்றை எங்காவது கொட்டியாக வேண்டும். அதற்குக் கடலிலேயே இரண்டு இடங்களைக் குறித்திருந்தார்கள், ஒன்று கரைக்குப் பக்கத்தில், இன்னொன்று தள்ளி ஆழத்தில். எந்த இடத்தில் உயிர்கள் குறைவு, எங்கே கொட்டினால் நீரோட்டம் சேற்றைத் திருப்பிக் கொண்டுவராது என்று பார்த்து, இரண்டில் ஒன்றை நான் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு வழி உண்டு. கடலடிச் சேற்றை அள்ளியதும் படகிலேயே ஒரு சாயத்தைக் கலந்துவிடுவார்கள். அள்ளிய நேரத்தில் உயிரோடு இருந்த புழு, பூச்சி எல்லாவற்றிலும் ரோஜா நிறம் ஏறிவிடும். முன்பே செத்துப்போனது வெள்ளையாகவே கிடக்கும். சல்லடையில் அலசி, ரோஜா நிறமாக இருப்பதைப் பொறுக்கி எண்ணினால் போதும். கொட்டப்போகிற துறைமுகச் சேறு மட்டும் சாயமில்லாமல் ஒரு நீல டிரம்மில் தனியாக வந்திருந்தது. அதில் எண்ணெய் எவ்வளவு, ஈயம் எவ்வளவு, தண்ணீரில் கலக்கினால் எப்போது படிகிறது என்று பார்க்க வேண்டும்.

அலசுகிற வேலை மாதேவியுடையது. கொள்ளேகால் பக்கம் தமிழர்கள் இருக்கிற மார்டள்ளிப் பெண். முப்பது வயதிருக்கும். கை வேகமும் வாய் அமைதியும் உள்ளவள். தாலிக்கயிற்றில் திருஷ்டிக்கு ஒரு நீல மணியும், நாலைந்து ஊக்குகளும் எப்போதும் தொங்கும். என் துப்பட்டா நழுவும்போதெல்லாம் அதிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றிக் கொடுப்பாள். அந்த ஊக்குகளைத் திருப்பிக் கொடுத்ததாக எனக்கு நினைவே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் முதலாளி கிரண் அவளிடம் கணவர் பெயரைக் கேட்டார். மாதேவி தலையைக் குனிந்துகொண்டு, "முருகன் கோயில் மலைங்க, பெருந்துறைப் பக்கம்" என்றாள். கிரண் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், அவருக்கு அந்த மலை எங்கே தெரியும்? "பழனியா?" என்றார். கடைசியில் அவள் முந்தானையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். சென்னிமலை என்று இருந்தது. கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டாளாம். இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தியா என்று அன்றைக்குப் பூராவும் அவளைக் கிண்டல் செய்தேன்.

அந்தச் சென்னிமலை நாங்கள் சேறு அலசுகிற அதே துறைமுகத்தில்தான் வெல்டராக இருந்தார். போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில், அவர் ஏறியிருந்த, கல் ஏற்றிய மிதவை துறைமுக வாயிலில் கவிழ்ந்துவிட்டது. மற்றவர்களைத் தூக்கிவிட்டார்கள். அவர் கிடைக்கவில்லை. சில நாள் தேடிவிட்டு, அடிச்சேற்றில் புதைந்திருப்பார் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். உடல் இல்லாததால் காரியம் செய்யவில்லை. மாமனார் வீட்டில், மகன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவள் தாலியைக் கழற்றவும் முடியாமல், போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் முடியாமல் மைசூருக்கு வேலை தேடி வந்துவிட்டாள்.

நீல டிரம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் நினைத்தேன். லாரிக்காரர் சொல்லிவிட்டார்.

மறுநாள் டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டே இருந்தாள். "அக்கா, இதையெல்லாம் வாரி நடுக்கடல்ல கொட்டிப்போடுவாங்களா?"

"ஆமா."

"அப்ப அவுரையும் சேத்துத்தானுங்களே?"

டிரம்மின் மூடியை இன்னும் இறுக்கி அடைத்தேன்.

"ஒரு பிடி எடுத்துக்கறனுங்க" என்றாள். "எங்கூரு மாரியாத்தாளே பிடிமண்ணுல வந்தவதானுங்க. காவேரிக்கு அக்கட்டால எங்க பாட்டன் பூட்டன் இருந்த ஊர்லயிருந்து, கோயல் மண்ணுல ஒரு பிடி அள்ளி, தாயே வான்னு கூப்பிட்டு, மஞ்சத் துணியில முடிஞ்சு தூக்கியாந்தாங்களாமா. வழியில கீழ வெக்காம வந்தா அவளும் கூடவே வந்துருவா. அது மாதர இவுரையும் கூட்டியாந்து, பச்சிமவாகினியில கரைச்சுப்போட்டா அவுரு போய்ச் சேந்துருவாருங்க. மிசினு வந்து வாரறதுக்குள்ள கரைச்சுப்போடோணும்."

ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பச்சிமவாகினிதான் மைசூர்க்காரர்கள் அஸ்தி கரைக்கிற காவேரித் துறை. பஸ்ஸில் போய் வரலாம். டிரம் நிறையச் சேறு இருந்தது, ஒரு பிடி போனால் யாருக்கு என்ன? சரி என்றேன்.

மஞ்சளில் நனைத்த துணியோடு அவள் வந்த மத்தியானம் நல்ல மழை. கரண்ட் போயிருந்தது. பின்கட்டில் விளக்கு வைக்கிற நேரம் போல இருட்டிக்கிடந்தது. நான்தான் மூடியைத் திறந்து கொடுத்தேன். சேறு கன்னங்கரேலென்று, மேலே எண்ணெய் மினுங்கிக்கொண்டு, அசைவில்லாமல் இருந்தது.

"பேரைச் சொல்லிக் கூப்பிட வேணாமா?" என்றேன்.

"கட்டுனவர எப்பிடீங்க அக்கா பேர் சொல்லிக் கூப்படறது?"

"அட்டையில இருக்கற பேரு வாயில வந்தா சுட்டுருமா?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, டிரம்மின் விளிம்பில் குனிந்து, வீட்டுக்குள் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க. ஊட்டுக்குப் போலாம் வாங்க."

சேற்றில் ஒரு குமிழ் எழும்பி உடைந்தது.

"ம்."

வாயுதான். அழுகிய சேற்றில் வாயு இருக்கும், கிளறினால் வெளியே வரும். அதை நான் அவளுக்குச் சொல்ல வாயெடுத்தேன்.

"ம்."

இது வேறு குரல். கட்டையான, வயதான குரல்.

"ம்."

"ம்."

டிரம்மின் அடியிலிருந்து, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, வரிசையில் நிற்கிறவர்கள் சொல்வது போல வந்துகொண்டே இருந்தது. என் கை தானாக மூடியைத் தேடியது. மாதேவிக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளித் துணியில் முடிந்துகொண்டாள். "கேட்டீங்களா அக்கா?" என்றாள். கேட்கவில்லை என்று பொய் சொன்னேன்.

மறுநாளே போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. ஆனால் அணை நிரம்பி மதகுகளைத் திறந்துவிட்டார்கள். காவேரி கரை தெரியாமல் ஓடியது, பச்சிமவாகினிப் படிகள் முங்கிவிட்டன, போலீஸ் கயிறு கட்டி யாரையும் விடவில்லை. பிடிமண்ணைத் தரையில் வைக்கக் கூடாது. கேசரேயில் அவள் குடியிருந்த ஒற்றை அறையில், கூரைக் கொக்கியில் துணிமுடிச்சைக் கட்டித் தொங்கவிட்டுக் காத்திருந்தாள்.

ஆய்வகத்தில் நான் துறைமுகச் சேற்றை உயரமான கண்ணாடிக் குடுவையில் கடல்நீரோடு கலக்கி வைத்தேன். எந்தச் சேறும் கொஞ்ச நேரத்தில் அடியில் படிந்துவிடும், மேலே தண்ணீர் தெளியும். இது படியவில்லை. காலையில் வந்து பார்த்தேன், சுற்றிக்கொண்டே இருந்தது. மாலையில் பார்த்தேன், சுற்றிக்கொண்டே இருந்தது. மேசையில் அதிர்வு இருக்கிறதோ என்று ஜன்னல் விளிம்புக்கு மாற்றினேன். குடுவைக்குள் கரண்டியை விட்டு யாரோ நிதானமாகக் கலக்குவது போல, ஒரே வேகத்தில், ஒரே பக்கமாகச் சுற்றியது.

பிறகு தரையில் தடங்கள் வந்தன. சிவப்புக் காவித் தரையில் கருப்பாக, ஈரமாக, வெறுங்கால் தடங்கள். பின்கட்டிலிருந்து கூடம் வழியாக வாசல்வரை போய், திரும்பி வந்திருந்தன. கிரண் மாதேவியைப் பிடித்துக்கொண்டார். "ஏனம்மா, சேத்துக் காலோட வீடெல்லாம் சுத்துறே? நெல ஒரசு, தரையைச் சரியா தொட." அவள் காலில் ரப்பர் செருப்பு இருந்தது, பாதம் காய்ந்திருந்தது. அவர் போனதும் நான் குனிந்து பார்த்தேன். எல்லாம் ஆண்களின் பாதங்கள். ஒன்று அகலமானது. ஒன்றில் பெருவிரல் இல்லை. எல்லாம் அவள் அலசுகிற தொட்டிக்கு எதிரே வந்து நின்றிருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேசரேக்குப் போனேன். சாவுக்குத் துக்கம் கேட்கப் போவது போல வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனது எனக்கே பிறகுதான் உறைத்தது. பக்கத்து அறை ரூபா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "உங்க ஆபீஸ் பொம்பளை வீட்ல யாரு அக்கா இத்தன விருந்தாளி? ராத்திரி பகல்னு இல்லாம ஆம்பளைங்க பேச்சு" என்றாள். முகத்தைச் சுளித்துத்தான் சொன்னாள்.

உள்ளே துறைமுக வாடை அடித்தது. கொக்கியில் தொங்கிய துணிமுடிச்சிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு குண்டான், அது நிரம்பி வழிந்தது. விரலை வைத்து நாக்கில் தொட்டேன். உப்பு.

தரையில் சுவரோரமாகத் தட்டுகள். ஸ்டீல் தட்டு, பிளாஸ்டிக் தட்டு, போதாததற்கு வாழை இலைக் கிழிசல், செய்தித்தாள். எல்லாவற்றிலும் சோறு. மாதேவி குழம்புச் சட்டியோடு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கண் குழிவிழுந்திருந்தது.

"யாருக்கு மாதேவி இதெல்லாம்?"

"யாருன்னு தெரியலீங்க அக்கா" என்றாள், தூங்குகிற குழந்தை விழித்துவிடும் என்பது போன்ற குரலில். "பசிக்குதுங்கறாங்க. கூப்பிட்டது நாந்தானுங்களே, போடாம எப்பிடி உடறது? இதுல அவுரு யாருன்னுதான் தெரியமாட்டேங்குது. ஒருத்தரும் மூஞ்சியக் காட்டமாட்டேங்கறாங்க. ஏனுங்கன்னா அல்லாரும் ம்ங்கறாங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் பெயரைச் சொல்லவில்லை. ஏனுங்க என்றாள். கடலில் செத்த ஆம்பளை ஒவ்வொருத்தனையும் ஏதோ ஒரு வீட்டில் ஒருத்தி அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள். அந்தத் துறைமுகத்தில் எந்தக் காலத்திலிருந்து எத்தனை பேர் முங்கிக் கிடந்தார்களோ, எத்தனை பேர் அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக் கிடந்தார்களோ.

அவள் பேச்சு நின்றதும் அறை அமைதியானது. அந்த அமைதியில் மெல்லும் சத்தம் கேட்டது.

சுவரோரமாக. ஒவ்வொரு தட்டிலிருந்தும்.

எழுந்து வந்துவிட்டேன். ஓடி வந்தேன் என்பதுதான் சரி. வாழைப்பழம் என் கையிலேயே இருந்தது.

வெள்ளம் வடிந்த முதல் நாளே அவளைப் பச்சிமவாகினிக்குக் கூட்டிப்போனேன். அதோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்று மனதார நம்பினேன். பஸ்ஸில் துணிமுடிச்சை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எங்களைச் சுற்றியிருந்த இருக்கைகளில் யாரும் உட்காரவில்லை. கண்டக்டர் மட்டும் ஒருமுறை பின்பக்கம் பார்த்து, டிக்கெட் எடுக்காதவங்க எடுங்க என்று கன்னடத்தில் கத்தினார். பின்னால் ஒருவரும் இல்லை.

படித்துறையில் கலங்கல் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. புரோகிதர் எள்ளும் தர்ப்பையும் எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் கண்கள் எங்களைத் தாண்டிப் போயின.

"இவரெல்லா யாரு? உங்க மனேயவரா?" என்றார். உங்கள் வீட்டு ஆட்களா என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். படிகள் காலியாக இருந்தன. காலையிலிருந்து மழை இல்லை. படிகள் மட்டும் ஈரமாக இருந்தன.

"ஒருத்தருக்குத்தான்" என்றேன்.

"ஹெசரு?"

பெயர். மாதேவி என்னைப் பார்த்தாள். நானே சொன்னேன். "சென்னிமலை."

அவர் மந்திரம் சொன்னார். மாதேவி முழங்கால் தண்ணீரில் இறங்கி முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பிடிச் சேறு அத்தனை வேகமான தண்ணீரில் விழுந்தால் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட வேண்டும். போகவில்லை. கருப்பாக, கட்டியாக, அவள் கால்களைச் சுற்றிக்கொண்டு நின்றது. ஆறு ஓடியது, சேறு ஓடவில்லை. அவள் கையால் தள்ளிவிட்டாள். அது மறுபடியும் காலுக்கு வந்தது.

புரோகிதர் மந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். "பேரு கொத்தில்லாதவருக்கு நானு ஏனு மாடலி தாயி?" என்று முணுமுணுத்துக்கொண்டே சாமான்களை அள்ளினார். பெயர் தெரியாதவர்களுக்கு அவர்தான் என்ன செய்வார்? தட்சிணைகூட வாங்கவில்லை.

"சென்னிமலை!" என்று நான் ஆற்றைப் பார்த்துக் கத்தினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சென்னிமலை!"

ஒரு பதிலும் இல்லை.

மாதேவி தண்ணீரில் நின்றபடியே, வழக்கமான அந்தக் குரலில் சொன்னாள்.

"ஏனுங்க."

"ம்" என்று படித்துறை முழுவதிலிருந்தும் வந்தது.

அவள் குனிந்து அந்தச் சேற்றைத் திரும்பவும் துணியில் அள்ளிக்கொண்டாள். "அவுரு இதுல இல்லீங்க அக்கா" என்றாள். "ஊருல இருக்கற அல்லாரும் வந்துட்டாங்க. அவுரு மட்டும் வரல."

அந்த வாரம்தான் தோண்டுகிற கப்பல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. நான் கிரண் அறைக்குப் போய், துறைமுக வாயிலில் ஒருமுறை முக்குளிப்பவர்களை இறக்கித் தேடச் சொல்ல முடியுமா, அதுவரை நிறுத்தி வைக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"உனக்கு ஏனாய்து, என்ன ஆச்சு தாரணி?" என்றார் அவர். "ரிப்போர்ட் போயாச்சு, பர்மிஷனும் வந்தாச்சு. புழு எண்ணத்தான் நம்மைக் கூப்பிட்டாங்க, ஆவி எண்ண இல்லை." அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் காபி வாங்கி அனுப்பினார்.

அந்த அறிக்கை நான் எழுதியது. கரைப்பக்கத்து இடத்தில் சல்லடையெல்லாம் ரோஜா நிறப் புழுக்கள், மீன் குஞ்சுகளுக்கு அதுதான் இரை. ஆழத்து இடத்தில் எல்லாம் வெள்ளை. அங்கே உயிர் இல்லை, அங்கேயே கொட்டலாம் என்று எழுதியிருந்தேன். இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதைத்தான் எழுத வேண்டும். எதை மாற்றி எழுதினால் சென்னிமலை கிடைப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை எழுதியிருப்பேன்.

மாதேவி மாலையில் என் மேசைக்கு வந்தாள். "எங்கீங்க அக்கா கொட்டறாங்க?"

கைபேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். முழுக்க நீலம். கரைகூடத் தெரியவில்லை.

"அங்க என்னுங்க இருக்குது?"

"ஒண்ணுமே இல்ல."

"எப்பிடீங்க போறது?"

"போக முடியாது மாதேவி. ஒருத்தரும் போக முடியாது."

அவள் நீலத்தின்மேல் விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. அவள் விரலை எடுத்த இடத்தில் கண்ணாடி ஈரமாக இருந்தது. பிறகு என் துப்பட்டா சரிந்திருப்பதைப் பார்த்து, தாலிக்கயிற்றிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அறை திறந்து கிடந்தது. தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். கொக்கியில் துணிமுடிச்சு இல்லை. மார்டள்ளிக்குப் போன் செய்தேன். அவள் மாமனார் குப்புசாமி, "இங்க வரலியே கண்ணு" என்றார். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். பெரிய பொம்பளை, எங்கேயாவது போயிருப்பாள், வருவாள் என்றார்கள். ரூபா மட்டும் அவளைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருந்தாள், மங்களூர் பஸ் ஏறுகிற இடத்தில்.

"தனியாப் போகல அக்கா" என்றாள் ரூபா. "சுத்தி ஒரே ஆம்பளைக் கூட்டம். எல்லாம் நனஞ்சுபோய் நின்னாங்க. இவ முன்னால நடக்கறா, அவங்க பின்னாலயே போறாங்க."

அன்றைக்குக் குடுவையில் சேறு படிந்துவிட்டது. மேலே தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து நின்றது. தரையில் தடங்கள் வருவதும் நின்றது. எனக்கு நிம்மதி வரவில்லை, கையாலாகாத வெறுப்புதான் வந்தது. கடற்கரை ஊர்களில் எங்கெல்லாமோ கேட்டுப் பார்த்தேன். மஞ்சள் துணிமுடிச்சோடு ஒரு பெண்ணை யாரும் பார்க்கவில்லை.

மழை முடிந்து, கப்பலை வைத்துத் தோண்டி, சேறு முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டி முடித்தார்கள். கொட்டிய பிறகு அந்த இடம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும், அது விதி. கோடை வெயிலில் சாயம் கலந்த புதுச் சேறு டிரம்களில் வந்து இறங்கியது. அலசுவதற்குக் கெம்பம்மா என்று ஒரு புது அம்மாள் சேர்ந்திருந்தார். முதல் சல்லடையை அலசி என் மேசையில் வைத்துவிட்டு அவர் சாப்பிடப் போனார். கிரண் வெளியூர் போயிருந்தார். பளிச்சென்ற பகல். தெருவில் கீரைக்காரர் கூவிக்கொண்டு போனார்.

சல்லடையில் எதிர்பார்த்தபடி ஒன்றுமில்லை. வெள்ளைச் சிப்பித் துகள்கள், மணல். இடுக்கியால் ஒதுக்கிக்கொண்டே வந்தேன்.

ஒரு நீல மணி உருண்டது.

அதற்குப் பக்கத்தில் ஓர் ஊக்கு. துரு இல்லை. ஊக்கில் ஒரு துண்டுக் கயிறு.

கயிறு ரோஜா நிறத்தில் இருந்தது. நூலிலும் இந்தச் சாயம் ஒட்டும், ஆனால் அலசினால் போய்விடும். எழுந்து குழாயடியில் பிடித்து அலசினேன். கசக்கினேன். விரல் எரிகிறவரை கசக்கினேன். நிறம் போகவில்லை. உயிரோடு இருப்பதில்தான் அது அப்படி ஏறும். அந்த இடத்தில் உயிர் இல்லை என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

குழாயை மூடிவிட்டு மேசைக்குத் திரும்பினேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

பின்கட்டில் டிரம்மின் மூடி மெதுவாக நகர்ந்தது.

"மாதேவி" என்றது ஓர் ஆணின் குரல்.

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. டிரம்மிலும் படித்துறையிலும் கேட்ட குரல்களில் ஒன்றில்லை அது. வெகுதூரம் நடந்து வந்து, வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்குகிற ஆளின் குரல்.

"மாதேவி."

அவள் இங்கே இல்லை என்று சொல்ல வேண்டும். உன்னைத் தேடித்தான் போனாள் என்று சொல்ல வேண்டும். ஊக்கைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தொட்டிப் பக்கத்திலிருந்து, எனக்கு நன்றாகத் தெரிந்த குரல் பதில் சொன்னது.

"ஏனுங்க. இதோ வந்துட்டனுங்க."

பிறகு, வேலை தொடங்கும்போது தினமும் கேட்பது போலவே, குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.